சீனிக்கிழங்கின் மேல் கருவாடு

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்கிற ஊரில் வேலை பார்த்துக்கொண்டு உச்சிப்புளியில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் அறைக்கு வர முடிகிறதாம், வந்தபின் சமைக்கத் தெம்பு இருப்பதில்லையாம். சின்னதாக ஓடிஜி என்கிற மின்சார அடுப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். ஜப்பான் சர்க்கரைவள்ளிக்கிழங்கை முழுசாகச் சுட்டு, நடுவில் பிளந்து, மேலே உப்பும் காரமுமாக எதையாவது போட்டு அதையே ஒரு வேளைச் சாப்பாடாக முடித்துக்கொள்கிறார்களே, அந்தக் கிழங்கு நம் பக்கம் கிடைக்குமா, எப்படிச் சுடுவது, மேலே எதைப் போடுவது என்பது கேள்வி. ஒரு தடவை செய்து பார்த்தாராம். தோல் கருகிவிட்டது, உள்ளே நறுக்கென்று வேகாமல் இருந்தது. மேலே தக்காளி சாஸ் ஊற்றிச் சாப்பிட்டாராம்.

தம்பி, சாஸைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் கிழங்கு.

நான் இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தவன். இப்போது தங்கச்சிமடத்தில் வீட்டோடு இருக்கிறேன். இந்தக் கிழங்கை முதன்முதலில் தின்றது யோக்கஹாமாவில், ஒரு ஜனவரி மாதச் சாயங்காலம். துறைமுகத்துக்கு வெளியே ஒரு குட்டி லாரி ஊர்ந்து வரும். பின்பக்கம் இரும்புத் தொட்டி, அதற்குள் கூழாங்கல், அடியில் விறகுத் தீ. 'இஷி யாக்கி இமோ' என்று ஒலிபெருக்கியில் இழுத்து இழுத்து ஒரு குரல் வரும். இஷி என்றால் கல், யாக்கி என்றால் சுட்டது, இமோ என்றால் கிழங்கு. நம் ஊரில் ஐஸ் வண்டி மணி கேட்டால் பிள்ளைகள் ஓடுகிற மாதிரி அங்கே பெரியவர்களே ஓடுவார்கள். காகிதத்தில் சுற்றிக் கொடுத்த கிழங்கைக் கையில் வாங்கியதும் விரலுக்குத்தான் முதலில் உயிர் வந்தது. அத்தனை குளிர். பிட்டுப் பார்த்தால் உள்ளே மஞ்சள். தோலை ஒட்டிய இடத்தில் பாகு இறுகிப் பழுப்பாக இருந்தது. சீனி போட்டிருப்பார்கள் என்றே நினைத்தேன். அவர்கள் எதுவுமே போடவில்லை, நெருப்பைத் தவிர.

அந்தக் கிழங்கு இங்கே கிடைக்குமா என்றால், அதே ரகம் கிடைப்பது அரிது. கிடைக்கிறது என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு. நானே ஒரு நகரத்துக் கடையில் ஜப்பான் ரகம் என்று சொன்னதை நம்பி மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் சந்தைக் கிழங்கையே கழுவித் துடைத்துத் தட்டில் அடுக்கியிருக்கிறார்கள். ஏமாந்ததில்கூட ஒரு பாடம் கிடைத்தது: இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஜப்பான் கிழங்குக்குத் தோல் செம்ஊதா, சதை வெளிர் மஞ்சள், வெந்தால் பொன்நிறம். நம் வாரச் சந்தையில் குவித்து வைத்திருக்கும் சிவப்புத்தோல், வெள்ளைச்சதை சீனிக்கிழங்கும் அதே ஜாடைதான். அவர்களுடையது இன்னும் கெட்டியாக, மாவாக இருக்கும். நம்முடையதில் கொஞ்சம் நாரும் தண்ணீரும் கூடுதல். அவ்வளவுதான்.

ஜப்பானிலும் ஒரே கிழங்கு இல்லை. பெனி அசுமா என்கிற ரகம் அவித்த பனங்கிழங்கு மாதிரி உதிரும். பெனி ஹருக்கா, தானெகாஷிமா தீவின் அன்னோ ரகங்கள் அல்வா மாதிரி குழையும். மேலே கறி, கருவாடு போட்டுச் சாப்பிட உதிர்கிற ரகமே எனக்குப் பிடிக்கும். குழைகிற ரகத்தைத் தனியாகத் தின்பதுதான் ருசி. ஆரஞ்சு சதைக் கிழங்கு கண்ணுக்கு அழகு, உடம்புக்கும் நல்லது, திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கிற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் பூ சோனா என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. ஆனால் ஆரஞ்சுக் கிழங்கு பொதுவாக ஈரப்பசை கூடியது, மேலே எதையாவது வைத்தால் கஞ்சி மாதிரி ஆகிவிடும். தோல் ஊதாவா, சதை ஊதாவா என்றும் பலர் குழம்புவார்கள். சதை ஊதாவாக இருப்பது தெற்கே இருக்கிற ஒக்கினாவாத் தீவுப் பக்கத்து ரகம். அது வேறு.

ஒரு சின்னக் கிளைக்கதை. இந்தக் கிழங்குக்குச் சொந்த ஊர் ஜப்பானும் இல்லை, ராமநாதபுரமும் இல்லை, அமெரிக்கக் கண்டம். 1605-ல் நொகுனி சோகான் என்பவர் சீனாவின் ஃபூஜியனிலிருந்து ஒக்கினாவாவுக்குக் கொண்டுவந்தார். 1705-ல் மாயெதா ரியெமோன் என்கிற கடலோடி அங்கிருந்து அன்றைய ஜப்பானின் தென்கோடியான சத்சுமாவுக்குக் கொண்டுபோனார். அங்கே எரிமலைச் சாம்பல் மண், தண்ணீர் நிற்காது, நெல் விளையாது. கிழங்கு விளைந்தது. 1732-ல் பெரும் பஞ்சம் வந்தபோது இந்தக் கிழங்கு இருந்த ஊர்கள் தாக்குப்பிடித்ததைப் பார்த்து, 1735-ல் அவோக்கி கொன்யோ என்கிற அறிஞரைக் கொண்டு ஆட்சி நடந்த எதோவிலேயே, அதாவது இன்றைய டோக்கியோவிலேயே, பயிரிடச் செய்தார்கள். அதற்கப்புறம் ஜப்பான் முழுக்க அதற்குப் பெயர் 'சத்சுமா இமோ'. சத்சுமாக்காரர்கள் மட்டும் அதை 'சீனத்துக் கிழங்கு' என்றுதான் சொல்வார்கள். அவரவருக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஊர்ப் பெயர். தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய ஜில்லாக்காரர்களான நமக்கு, மணலில் விளைந்து பஞ்சம் தாங்குகிற பயிரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது மூன்று. ஒல்லியாக, ஒரே பருமனாக, 200 முதல் 250 கிராமுக்குள் இருக்கட்டும். தேங்காய் பருமனில் ஒன்றை வாங்கினால் மேல் வெந்து நடு வேகாது, உங்களுக்கு நடந்தது அதுதான். இரண்டாவது, வண்டு துளை. ஊசி குத்தினது போல் கருப்புப் புள்ளிகள் இருந்தால் விட்டுவிடுங்கள். கூன்வண்டு புகுந்த கிழங்கில் ஒரு கசப்பு ஏறும், அந்தப் பகுதியை வெட்டி எடுத்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. மூன்றாவது, நேற்றுத் தோண்டிய கிழங்கைவிட இரண்டு மூன்று வாரம் நிழலில், காற்றாடக் கிடந்த கிழங்கு இனிப்பு. பொங்கலுக்கு வாங்கினதை மாசியில் சுட்டுப் பாருங்கள், தெரியும். பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். குளிர் பட்டால் நடுவில் கட்டை விழும், எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் இளகாது.

இப்போது சுடுவது. இதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே போடுகிற சமாச்சாரம் பத்து நிமிட வேலை. கிழங்கைச் சரியாகச் சுடாமல் மேலே இறாலையே கொட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

கிழங்குக்குள் இருப்பது பெரும்பாலும் மாவு. அந்த மாவை உடைத்துச் சீனியாக்கும் நொதி ஒன்றும் அதற்குள்ளேயே இருக்கிறது, பீட்டா அமைலேஸ் என்று பெயர். மாவு இளகத் தொடங்குவது ஏறக்குறைய 65 டிகிரியில். நொதி செத்துப்போவது 80-ஐ நெருங்கும்போது. ஆக, கிழங்கின் நடுப்பகுதி 65-க்கும் 80-க்கும் நடுவில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு இனிப்பு. கூழாங்கல் அடுப்பின் சூட்சுமமும் இதுதான். கல் சூட்டை மெதுவாக, எல்லாப் பக்கமும் சமமாக விடும், அவசரப்படாது. மைக்ரோவேவில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடும். கிழங்கு வெந்திருக்கும், ஆனால் சப்பென்று இருக்கும். நீங்கள் 230-ல் வைத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் முதல் தடவை அதையே செய்தேன். தோல் கரியாகிவிட்டது, வழிந்த பாகு கீழே இருந்த சூட்டுக்கம்பியில் சொட்டி வீடெல்லாம் புகை. எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினார்.

சரி, இப்படிச் செய்யுங்கள். கிழங்கை நாரால் தேய்த்து மண் போகக் கழுவுங்கள், தோலோடுதான் சாப்பிடப் போகிறீர்கள். ஈரம் போகத் துடைத்துவிட்டு இரண்டு மூன்று இடத்தில் முள்கரண்டியால் குத்துங்கள். கம்பித்தட்டில் வையுங்கள், கீழே ஒரு தகரத்தட்டு கட்டாயம், பாகு அதில் சொட்டட்டும். அடுப்பை முன்கூட்டிச் சூடேற்ற வேண்டாம். கிழங்கை உள்ளே வைத்துவிட்டு 160 டிகிரிக்குத் திருப்புங்கள். 70 முதல் 80 நிமிடம். பாதியில் ஒரு தடவை புரட்டிப் போடுங்கள், சின்ன ஓடிஜியில் பின்பக்கம் சூடு கூடுதலாக இருக்கும். கடைசிப் பத்து நிமிடம் 210-க்கு ஏற்றுங்கள்.

அலுமினியத் தாளில் சுற்றலாமா என்று பலர் கேட்பார்கள். ஜப்பானிலேயே வீடுகளில் ஈரக் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் தாளைச் சுற்றிச் சுடுவது உண்டு. கிழங்கு குழைவாக வரும். ஆனால் நமக்குத் தோல்தான் கிண்ணம். அது காய்ந்து, கொஞ்சம் முறுகி நின்றால்தான் மேலே பாரம் தாங்கும். தாளில் சுற்றினால் அவித்த கிழங்கின் தோல் மாதிரி நனைந்து உரிந்து வந்துவிடும். அதனால் நான் சுற்றுவதில்லை.

வெந்ததா என்று பார்க்கக் கடிகாரத்தை நம்பாதீர்கள். ஒரு மணி நேரம் தாண்டியதும் கிழங்கின் நுனியைப் பாருங்கள். தோலில் ஒரு பொட்டுப் போல் பாகு துளிர்த்திருக்கும். முதலில் தேன் நிறம், கொஞ்ச நேரத்தில் கருத்து, கருப்பட்டிக் காய்ச்சுகிற இடத்தில் வருமே, அந்த வாசனை வரும். தோல் சதையிலிருந்து லேசாகக் கழன்று சுருங்கியிருக்கும். பிடிதுணியால் அமுக்கினால் பழுத்த கொய்யா போல் உள்ளே போகும். சந்தேகமாக இருந்தால் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைக் கழுவிக் குத்துங்கள். தடையில்லாமல் மறுபக்கம் வந்தால் ஆயிற்று. அணைத்துவிட்டு உள்ளேயே பத்து நிமிடம் விடுங்கள்.

ஒன்றரை மணி நேரமா என்று மலைக்காதீர்கள். உங்கள் கைவேலை ஐந்து நிமிடம்தான். வந்ததும் உள்ளே வைத்துவிட்டுக் குளிக்கப் போங்கள், ஊருக்குப் போன் பேசுங்கள். மின்சாரம் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும், அதனால் ஒரு கிழங்கைச் சுடாமல் ஐந்தாறாகச் சுடுங்கள். வெந்த கிழங்கை ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம், பச்சைக் கிழங்குக்குச் சொன்ன தடை இதற்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சுட்டு வைத்தால் செவ்வாய் வரை ராத்திரிக்கு ஓடிஜியில் கால் மணி நேரம் சூடு காட்டினால் போதும்.

ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக் கரண்ட் போய்விட்டால் இருக்கவே இருக்கிறது மணல். கடலை வறுக்கிறவர்கள் செய்வதுதான். கனமான இரும்புச் சட்டியில் நான்கு விரல் உயரத்துக்கு ஆற்றுமணல், கிழங்கைப் புதைத்து, மூடி, சின்னத் தீயில் ஒன்றே கால் மணி நேரம். நடுவில் ஒரு தடவை புரட்ட வேண்டும். வாசலுக்கு வெளியே இவ்வளவு மணல் இருக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளாதீர்கள். உப்பும் சிப்பித் துணுக்கும் கலந்திருக்கும், கிழங்கின் வெடிப்பில் புகுந்து பல்லில் நறநறக்கும். மணல் பிடிக்காவிட்டால் கல்லுப்பு. வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்கள் இருக்கிற ஜில்லாவில் உப்புக்கா பஞ்சம்? ஆனால் கல்லுப்பு சூடேறினால் உள்ளே இருக்கும் ஈரம் வெடித்துத் தெறிக்கும். முதலில் மூடி போட்டுச் சின்னத் தீயில் சடசடப்பு அடங்கும்வரை வறுத்துவிட்டுப் பிறகு கிழங்கைப் புதையுங்கள். அதே உப்பைத் திரும்பத் திரும்ப இதற்கே வைத்துக்கொள்ளலாம். நான்ஸ்டிக் சட்டியில் இதைச் செய்யவே கூடாது.

எங்கள் அப்பத்தா இத்தனை வியாக்கியானம் இல்லாமல், ராத்திரிச் சோறு வடித்ததும் பனமட்டை எரிந்த சாம்பலுக்குள் இரண்டு கிழங்கைத் தள்ளிவிட்டுத் தூங்கப் போவார். விடியும்போது சாம்பலைத் தட்டிவிட்டுக் கையில் கொடுப்பார். அணைந்துகொண்டே போகிற கங்கின் சூட்டைவிட மெதுவான அடுப்பு எது?

இனி மேலே போடுவது. நியாயம் எளிது. கிழங்கு இனிப்பையும் மென்மையையும் தருகிறது. மேலே வருவது உப்பு, புளிப்பு, காரம், மொறுமொறுப்பு நான்கையும் கொண்டுவர வேண்டும், கூடவே கொஞ்சம் நெய்ப்பசை. தக்காளி சாஸில் சீனியும் புளிப்பும்தான் இருக்கிறது, அதுவும் ஈரமாக. இனிப்பின் மேல் இனிப்பு. அதனால்தான் அன்றைக்குத் திகட்டியிருக்கும். இனிப்புக் கிழங்கில் காரமா என்று தயங்க வேண்டாம், அவித்த பனங்கிழங்கைப் பச்சைமிளகாய், பூண்டு, உப்பு வைத்து உரலில் இடித்துத் தின்கிற ஊர் நம்முடையது.

நான் அடிக்கடி செய்வது நெத்திலிக் கருவாடு. ஓர் ஆளுக்கு ஒரு கைப்பிடி. தலையைக் கிள்ளிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள், மணலில் காயவைத்த கருவாடாக இருந்தால் நான்கு தடவை. பிழிந்து துணியில் பரப்பி ஈரத்தை எடுங்கள், ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் முகத்துக்குத் தெறிக்கும். இரண்டு கரண்டி நல்லெண்ணெயில், சின்னத் தீயில், கையால் ஒடித்தால் படக்கென்று ஒடிகிற வரை வறுத்துத் தனியே எடுங்கள். அதே எண்ணெயில் பத்துச் சின்ன வெங்காயம் நறுக்கியது, தட்டின பூண்டு இரண்டு, கறிவேப்பிலை, மூன்று முண்டு வத்தல். நீள வத்தல் இதற்குச் சரிவராது. முதுகுளத்தூர்ப் பக்கத்து முண்டு வத்தலுக்குத் தோல் தடிப்பு, எண்ணெயில் உப்பி மொறுமொறுப்பாக நிற்கும், கடித்தால் காரம் நிதானமாக ஏறும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. வெங்காயம் ஓரம் சிவந்ததும் கருவாட்டைத் திரும்பப் போட்டு ஒரு புரட்டு, அடுப்பை அணைத்து அரை எலுமிச்சை. உப்பு சேர்க்கக் கூடாது, கருவாட்டில் இருப்பதே போதும்.

கிழங்கை நீளவாக்கில் கீறி, இரண்டு நுனியையும் பிடித்து உள்பக்கமாக அமுக்கினால் சதை பூப்போல் விரிந்து மேலே வரும். ஆவி பறக்கும்போதே வறுவலை அள்ளிப் போட்டு உடனே சாப்பிட வேண்டும். பத்து நிமிடம் வைத்தால் கருவாடு நமத்துவிடும். முதல் தடவை நான் இதைச் செய்தபோது என் வீட்டம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "சீனிக்கிழங்குல கருவாட்டைப் போடுவாகளா யாராச்சும்? வெளிய சொல்லிறாதீக, சிரிப்பாக" என்றாள். அப்புறம் என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு வாய் எடுத்தாள்.

இரண்டாவது, மாசிக் கருவாடு. கீழக்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாலத்தீவு, மினிக்காய்ப் பக்கம் சூரை மீனைத் துண்டு போட்டு, அவித்து, புகை காட்டி, வெயிலில் கட்டைபோல் காயவைத்தது. யோக்கஹாமாத் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்த பெரியவர் ஒருவர் ஒருநாள் எங்கள் கப்பல் அடுக்களையில், சுட்ட கிழங்கைப் பிளந்து வெண்ணெயும் சோயா சாஸும் விட்டு, மேலே மரச்சீவல் போல் எதையோ தூவினார். ஆவி பட்டதும் அந்தச் சீவல்கள் உயிருள்ளவை போல் நெளிந்தன. முகர்ந்து பார்த்தேன். மாசி வாசனை! அவர்கள் அதைக் கட்சுவோபுஷி என்கிறார்கள். அதே சூரை மீன், அதே அவியல், அதே புகை. உயர்ந்த ரகத்துக்கு மட்டும் மேலே பூஞ்சை பிடிக்கவிட்டு இன்னும் காயவைப்பார்கள். நாலாயிரம் மைல் தள்ளி வந்து நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது.

வீட்டில் செய்ய, மாசித் துண்டை உரலில் போட்டு இடித்துப் பொடியாக்குங்கள், மிக்ஸியில் நேராகப் போட்டால் பிளேடு போய்விடும். இரண்டு கரண்டிப் பொடிக்கு நான்கு சின்ன வெங்காயம், இரண்டு சுட்ட வத்தல், ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவல், கொஞ்சம் உப்பு, எலுமிச்சை. விரலால் பிசறினாலே போதும், அரைக்க வேண்டாம். பிளந்த கிழங்கில் முதலில் ஒரு துண்டு வெண்ணெய், அது உருகியதும் மேலே இந்தச் சம்பல். சமைக்கவே தெம்பில்லை என்கிற நாளுக்கு இதுதான். வத்தல் சுடுவதைத் தவிர வேறு அடுப்பு வேலை இல்லை, சம்பலை ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்தும் சாப்பிடலாம்.

முட்டையும் நல்ல வழி. வெந்த கிழங்கின் நடுவில் கரண்டியால் குழி பறித்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மிளகு, உப்புத் தூவி 200-ல் பத்துப் பன்னிரண்டு நிமிடம். தோண்டி எடுத்த சதையை வீணாக்காமல் நின்றபடியே தின்றுவிடலாம், சமைக்கிறவன் கூலி அது. நண்டு, கணவாய், இறால் எதுவானாலும் வறட்டி எடுத்த வறுவலாக இருக்கட்டும். நேற்று வைத்த நண்டுக் குழம்பை மேலே ஊற்றலாமே என்று தோன்றும். ஊற்றினால் கிழங்கு குழம்பைக் குடித்துக் களியாகிவிடும். குழம்புதான் வேண்டும் என்றால் கிண்ணத்தில் தனியாக வைத்துத் தொட்டுக்கொள்ளுங்கள்.

கவுச்சி சேராத நாளில் தயிர். புளித்த தயிரைத் துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்தால் வெண்ணெய் போல் நிற்கும். அதில் உப்பும் துருவின இஞ்சியும் கலந்து கிழங்கின் மேல் வைத்து, கடுகு, உளுந்தம்பருப்பு, நிலக்கடலை, முண்டு வத்தல் தாளித்த எண்ணெயை அதன் தலையில் கொட்டுங்கள். சூடான கிழங்கு, குளிர்ந்த தயிர், சுடுகிற தாளிப்பு. சைவச் சாப்பாட்டில் எனக்கு இது முதல். கொண்டைக்கடலைச் சுண்டல் மிஞ்சியிருந்தால் அதையும் தாராளமாகப் போடலாம். முருங்கைக்கீரை துவட்டலைப் போட்டுப் பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை. கீரையிலும் ஒரு இனிப்பு, கிழங்கிலும் இனிப்பு, கடிக்க ஒன்றுமில்லை.

மேலே போடுகிறதை வெறும் அலங்காரமாக நினைத்துவிடாதீர்கள். கிழங்கில் மாவுச்சத்துதான் அதிகம், 100 கிராமுக்குப் புரதம் இரண்டு கிராம்கூட வராது. மீனோ முட்டையோ கடலையோ இல்லாமல் கிழங்கை மட்டும் தின்றுவிட்டுப் படுத்தால் நடுராத்திரி பசி எழுப்பும். இன்னொன்று, சுட்ட கிழங்கு அவித்த கிழங்கைவிட ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். உங்களுக்கு இந்த வயதில் கவலையில்லை. ஊரில் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்து, அவருக்கும் செய்து கொடுக்க நினைத்தால் அவித்துக் கொடுங்கள், அளவாகக் கொடுங்கள். ரத்தக்கொதிப்பு இருந்தால் கருவாடு வேண்டாம், முட்டை போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பச்சை மீன் விலை கையைக் கடிக்கும், உங்கள் மெஸ்ஸிலும் மீன் துண்டு மெலிந்துவிடும். அதற்கு முன்பே, பங்குனி வெயிலில் காய்ந்த நெத்திலியாகப் பார்த்து அரைக் கிலோ வாங்கி, தலை கிள்ளி, இன்னொரு வெயில் காட்டிக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வையுங்கள். வெள்ளிபோல் பளபளப்பதை எடுங்கள், மஞ்சள் பாரித்ததை எடுக்காதீர்கள். தடைக்காலம் முடிகிற வரை வரும். அறை முழுக்க வாசனை வருமே என்றால், வரும். வீட்டுக்காரர் எதிர்ப்பட்டால் ஒரு கிழங்கை அவருக்கும் சேர்த்துச் சுடுங்கள்.

மிஞ்சின கிழங்கைக் காலையில் தூக்கிப் போடாதீர்கள். விரல் தடிமனில் வட்டமாக நறுக்கி, தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் சிவக்க விட்டு, மேலே இட்லிப்பொடி தூவுங்கள். வெளியே முறுகலாக, உள்ளே பாகாக இருக்கும். கட்டஞ்சாயாவோடு அதைத் தின்றுவிட்டு ஏழரை பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.